திருமண மண்டபத்துக்கு முன்பு ஒரு பள்ளி இருந்தது

‘கிரேசி ரிச் ஏஷியன்ஸ்’ திரைப்படத்தைப் பார்த்தவர்கள் அதன் திருமணக் காட்சியை மறந்திருக்க மாட்டார்கள். அது படமாக்கப்பட்ட மண்டபம் சிங்கப்பூரின் விக்டோரியா ஸ்திரீட்டில் உள்ள ‘சைம்ஸ்’ வளாகத்தில் இருக்கிறது. இன்று விருந்துகளுக்கும் திருமணங்களுக்கும் பெயர்பெற்ற அந்த வளாகத்தில் ஏறக்குறைய 130 ஆண்டுகள் ஒரு பெண்கள் பள்ளி இயங்கியது என்பது இளையர் பலருக்குத் தெரியாது.

வளாகத்தின் ஆகப் பழைய கட்டடம் கால்டுவெல் இல்லம். நீதிமன்ற எழுத்தராக இருந்த எச். சி. கால்டுவெல்லுக்காகக் கட்டடக் கலைஞர் ஜார்ஜ் கோல்மன் 1840-41ஆம் ஆண்டுகளில் கட்டிய வீடு அது. செயின்ட் ஜோசப் ஆண்கள் பள்ளி தொடங்கக் காரணமாக இருந்த பிரெஞ்சுப் பாதிரியார் பெரெல், பெண்களுக்கும் ஒரு பள்ளி வேண்டும் என்று எண்ணி 1852ஆம் ஆண்டில் அந்த வீட்டை வாங்கினார்.

1854 பிப்ரவரியில் அன்னை மத்தில்டும் மூன்று கன்னியாஸ்திரிகளும் சிங்கப்பூர் வந்தனர். வந்த சில நாள்களிலேயே வகுப்புகள் தொடங்கின. கட்டணம் செலுத்தும் மாணவியருக்கு ஒரு வகுப்பு, ஆதரவற்றோருக்கும் ஏழைச் சிறுமியருக்கும் இன்னொரு வகுப்பு. அரசாங்கம் பெண் கல்வியில் பெரிதாக அக்கறை காட்டாத காலம் அது. கட்டணமும் நன்கொடையும் தையல் வேலைகளும்தான் அந்தப் பள்ளியைத் தாங்கின.

வளாகச் சுவரில், பிராஸ் பசா சாலையும் விக்டோரியா ஸ்திரீட்டும் சந்திக்கும் மூலைக்கருகே ஒரு சிறிய வாசல் உண்டு. வளர்க்க வழியில்லாதவர்கள் பச்சிளங்குழந்தைகளை அங்கே விட்டுச் சென்றனர். அவர்களில் பெரும்பாலோர் பெண் குழந்தைகள். வறுமையுடன், புலி ஆண்டில் பிறந்த பெண் குடும்பத்துக்கு ஆகாது என்ற சீனர்களின் பழைய நம்பிக்கையும் அதற்கு ஒரு காரணம். கன்னியாஸ்திரிகள் அந்தக் குழந்தைகளை எடுத்து வளர்த்துப் படிக்கவும் வைத்தனர். அதனால் அதற்கு ‘நம்பிக்கை வாசல்’ என்ற பெயர் நிலைத்தது.

பள்ளி தொடங்கி அரை நூற்றாண்டு கழித்து, 1904ஆம் ஆண்டில் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டது. அதை வடிவமைத்தவர் பாதிரியார் சார்ல்ஸ் நேய்ன். கூர்மையான கோபுரமும் பெல்ஜியத்திலிருந்து வந்த வண்ணக் கண்ணாடிகளும் அதன் அழகு. தூண்களின் உச்சியில் வெப்பமண்டலச் செடிகொடிகளும் பறவைகளும் செதுக்கப்பட்டுள்ளன. திரைப்படத்தில் நாம் பார்த்த மண்டபம் இதுதான்.

நகரம் வளர்ந்தது. 1983ஆம் ஆண்டின் இறுதியில் பள்ளி அங்கிருந்து வெளியேறி, தோ பாயோவுக்கு மாறியது. தேவாலயத்தில் வழிபாடும் நின்றது. 1990ஆம் ஆண்டில் தேவாலயமும் கால்டுவெல் இல்லமும் தேசிய நினைவுச்சின்னங்களாக அறிவிக்கப்பட்டன. பின்னர் வளாகம் புதுப்பிக்கப்பட்டு, உணவகங்களும் கடைகளும் கொண்ட இடமாகத் திறக்கப்பட்டது.

இது சரியா? விமர்சனம் இருக்கத்தான் செய்கிறது. பிள்ளைகள் படித்த இடத்தில் மது பரிமாறுவதா என்று வருந்துவோரின் உணர்வு நியாயமானது. ஆனால், பராமரிப்புக்குப் பணம் வேண்டும். பயன்பாடு இல்லாத பழைய கட்டடம் நாளடைவில் சிதைந்துவிடும். வருமானம் ஈட்டியதால்தான் அந்தத் தூண்கள் இன்றும் நிற்கின்றன என்பதையும் மறுக்க முடியாது.

என்றாலும், சட்டம் சுவரைத்தான் காப்பாற்றும். அந்தச் சுவருக்குள் யார் வாழ்ந்தார்கள் என்பதை நினைவில் வைப்பது நம் வேலை. அழகான தேவாலயத்தைப் படமெடுக்கப் பலர் வருகிறார்கள். ஆனால், அந்தப் பள்ளி எதற்காக இருந்தது என்பதைத் தேவாலயத்தைவிடச் சிறிய வாசலே தெளிவாகச் சொல்கிறது. வேண்டாம் என்று விடப்பட்ட பெண் குழந்தைக்கும் எழுத்தறிவு உண்டு என்று ஒரு பள்ளி முடிவெடுத்த இடம் அது.

பள்ளிகள் இடம் மாறுவதும் இணைக்கப்படுவதும் நம் தலைமுறைக்கும் புதிதல்ல. 2019ஆம் ஆண்டில் எட்டுத் தொடக்கக் கல்லூரிகள் நான்காக இணைந்ததை நாம் பார்த்தோம். உங்கள் பள்ளியின் கதையை அறிந்த ஆசிரியர்களும் முன்னாள் மாணவர்களும் இன்று நம்மிடையே இருக்கிறார்கள். கட்டடம் இருக்கும்போதே அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள்.