மூச்சுக் கணக்கும் காதற் கதையும்

காதலர் இருவரை விண்கலமொன்றில் ஏற்றி, நடுவழியில் அக்கலத்தைப் பழுதாக்கிவிட்டால் விஞ்ஞான நவீனம் ஒன்று பிறந்துவிட்டது என எம் இளைஞர் பலர் எண்ணுகின்றனர். கல்லூரி ஆசிரியராக இருப்பவர் மேசைக்கு இத்தகைய கையெழுத்துப் பிரதிகள் வந்து சேர்வது இயல்பே. அவற்றில் நாயகன் நாயகியின் கரம் பற்றிப் பக்கம் பக்கமாகப் பேசுகிறான். பேசப் பேச மூச்சுச் செலவாகுமே என்ற கவலை அவனுக்கும் இல்லை. அவனைப் படைத்தவருக்கும் இல்லை!

அக்கவலையையே உயிர்நாடியாகக் கொண்ட நவீனமொன்று 1961ஆம் ஆண்டில் ஆங்கிலத்தில் வெளிவந்தது. அதன் ஆசிரியர் நமக்கு அந்நியரல்லர். 1956இல் இலங்கைக்கு வந்து, இங்கேயே வாழ்ந்து, 2008 மார்ச்சு 19ஆம் நாள் கொழும்பில் காலமானவர். நுகேகொடையில் வாழும் நமக்கு அதிக தூரமில்லாத பொரளைக் கனத்தை மயானத்தில் துயில்கின்றவர். ஆதர் சி. கிளார்க் என்ற அவர் எழுதிய அந்நவீனத்தின் பெயர் 'எ ஃபோல் ஒவ் மூன்டஸ்ற்'. சந்திரத் தூசியில் ஒரு வீழ்ச்சி எனலாம்.

கதை இதுதான். சந்திரனில் நீரைப் போலவே ஓடும் மென்தூசி நிறைந்த 'தாகக் கடல்' ஒன்று இருப்பதாகக் கற்பனை. அதில் உல்லாசப் பயணிகளை ஏற்றிச் செல்கிறது 'செலீன்' என்னும் படகு. தலைவன் பாற் ஹரிஸ். பணிப்பெண் சூ வில்கின்ஸ். திடீரெனத் தூசி வாய் பிளக்கின்றது. இருபத்திரண்டு உயிர்களுடன் படகு பதினைந்து மீற்றர் ஆழத்தில் புதைந்துவிடுகின்றது. அரக்கரும் இல்லை, அயற்கோள் வாசிகளும் இல்லை. பகைவன் யார்? அவரவர் உடற்சூடும் அவரவர் விடும் மூச்சுமே.

இதனை வெறுங் கற்பனை என்று தள்ளிவிட வேண்டாம். சும்மா அமர்ந்திருக்கும் மனிதன் ஒருவனின் உடல் ஏறத்தாழ 100 வாற்று மின்குமிழ் அளவு வெப்பத்தை வெளியிடுகின்றது. இருபத்திரண்டு பேர் என்றால் இருபத்திரண்டு குமிழ்கள், இரவும் பகலும் அணையாமல் எரிகின்றன. சுற்றிலும் வெப்பத்தை எளிதிற் கடத்தாத தூசி! மூச்சின் கணக்கையும் மாணவர்கள் போட்டுப் பார்க்கலாம். மனிதன் ஒருவன் நாளொன்றுக்கு வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ ஒரு கிலோகிராம். கொள்ளளவில் அரைக் கன மீற்றருக்குச் சற்று மேல். பத்தடி நீளம், பத்தடி அகலம், பத்தடி உயரமுள்ள அறையொன்றைக் காற்றுப் புகாது அடைத்து அதில் இருவர் இருந்தால், ஒரே நாளில் அறைக்காற்றில் நூற்றுக்கு நான்கு பங்கு அவ்வாயுவாகிவிடும். உயிருக்கே ஆபத்தான அளவு அது. ஒட்சிசனோ இன்னும் நூற்றுக்குப் பதினாறு பங்குக்கு மேல் மிஞ்சியிருக்கும்! மூச்சுக்குக் காற்றில்லை என்று கதாநாயகி மயங்கி விழுவதாக எழுதுகிறவர்கள் இதனைக் கவனிக்க வேண்டும்.

கதை வெளிவந்து ஒன்பது ஆண்டுகளின் பின், 1970 ஏப்பிரலில், அப்பலோ-13 வீரர் மூவர் இதே இடரில் அகப்பட்டனர். ஒட்சிசன் தாங்கி வெடித்தபின் இறங்குகலத்துள் ஒதுங்கியவர்கள், கரியமில வாயுவை உறிஞ்சும் சதுரப் பெட்டிகளை வட்டத் துவாரத்தோடு பிளாஸ்டிக் பையும் அட்டையும் ஒட்டுநாடாவும் கொண்டு பொருத்தியே பிழைத்தனர். ஆனால் அவர்களை வாட்டியது குளிர். செலீன் பயணிகளை வாட்டியது வெப்பம்.

தூசிக் கடல் மட்டும் பொய்த்துவிட்டது. சந்திரனில் ஆழ்ந்த தூசிப் படிவுகள் இருக்கலாம் என்று 1955இல் தோமஸ் கோல்ட் என்ற விஞ்ஞானி கூறியது அக்காலத்தில் தக்க ஐயமே. 1966இல் சோவியத் லூனா-9 அமிழாது இறங்கி அதனைத் தீர்த்து வைத்தது. எனினும் தூசியின் குணம் பொய்க்கவில்லை. விழுப்புரம் வீரமுத்துவேல் திட்டப் பணிப்பாளராக விளங்கிய சந்திரயான்-3, 2023 ஓகஸ்டு 23இல் இறங்கித் தன் வெப்பமானியை நிலத்தில் ஊன்றியது. மேற்பரப்பில் ஐம்பது பாகைக்கு மேல். எட்டுச் சென்ரிமீற்றர் ஆழத்திலோ பூச்சியத்துக்குக் கீழ் பத்து! வெப்பம் அத்துணை தயங்கித் தயங்கியே உள்ளிறங்குகின்றது.

கிளார்க்குக்கு மூச்சின் அருமை எங்ஙனம் இவ்வளவு தெரிந்தது? அவர் சுழியோடி. திருகோணமலைச் சுவாமிமலையின் அடிக்கடலில், போர்த்துக்கேயர் இடித்த கோணேசர் கோயிலின் தூண்களைத் தேடி அவரும் நண்பர் மைக் வில்சனும் மூழ்கியதை 1957இல் வெளியான அவரது நூலொன்று விவரிக்கின்றது. முதுகிற் கட்டிய உருளையில் எஞ்சியிருக்கும் காற்றே ஆயுள் என்பதை அனுபவித்தவர் அவர்.

காதலைப் பொறுத்தவரை அவர் கைதேர்ந்தவர் என்று சொல்ல எமக்கு மனமில்லை. சூவின் நெஞ்சத்துள் அவர் ஆழமாக நுழைவதில்லை. சங்கப் பாடல்களைப் பயின்ற நமக்கு அது குறையாகவே தோன்றும். பிரிவையும் இருத்தலையும் நம் புலவர் பாடிய நுட்பம் எங்கே, இது எங்கே! ஆயினும் ஓரிடத்தை நாம் மறத்தற்கில்லை. காற்று நஞ்சாகின்றது. உறங்குவோர் குறைவாக மூச்சு விடுவர் என்பதால் பயணிகளை மருந்தினால் துயிலச் செய்கின்றனர். தலைவனும் இன்னொருவரும் மாத்திரம் விழித்திருக்கின்றனர். காதல் மொழி பேச அங்கு இடமில்லை. பேசினால் அவளுடைய காற்றும் குறையும். கண்ணிமைகள் ஈயமாகக் கனக்க, மேலேயிருந்து துளைக்குழாயின் ஓசை கேட்கின்றதா என்று அவன் செவிசாய்த்துக் கொண்டிருக்கின்றான்.