ஜின்ஜியாங் கண்ட டொங் அம்மையார்

சென்ற திங்கள் விடுதி உணவுக் கூடத்தில் எங்களுக்குள் ஒரு சொற்போர். கைமுதல் இல்லாதவன் தொழில் தொடங்க எண்ணுவது கயிறில்லாமல் நீர் இறைக்கப் போவது போன்றது என்றார் வணிகவியல் பயிலும் நண்பர் ஒருவர். "கைமுதல் எப்படியும் வந்துவிடும், யாருடைய பணம் என்று பார்த்து வாங்குவதுதான் கடினம்" என்றேன் நான். வேதியியல் படிப்பவனுக்கு இதில் என்ன தெரியும் என்று எல்லாரும் நகைத்தனர். அன்று சொல்ல நினைத்து, சோறு ஆறிவிடுமே என்று விட்டுவிட்ட வரலாற்றை இங்கே எழுதுகிறேன்.

சீன நாட்டின் ஷாங்காய் நகரில் 1900ஆம் ஆண்டில் டொங் சுஜுன் பிறந்தார். தந்தை ரிக்ஷா இழுப்பவர். தாய் பிறர் வீட்டுத் துணி துவைப்பவர். தந்தை நோயில் விழுந்தார், கடன் ஏறியது. பதின்மூன்று வயதுச் சிறுமி மூன்றாண்டுக்கு முந்நூறு யுவானுக்கு ஒரு கணிகையர் இல்லத்தில் பாடகியாக அடகு வைக்கப்பட்டாள். நாம் நகையை வைப்பது போலத்தான். வேறுபாடு ஒன்று உண்டு: பெட்டியில் கிடக்கும் நகைக்குத் தன் விலை தெரியாது, இச்சிறுமிக்குத் தெரிந்திருந்தது.

அங்கே பாட்டுக் கேட்க வந்தவர்களுள் ஒருவர் ஷியா ஜிஷி. 1911ஆம் ஆண்டுப் புரட்சியில் சிச்சுவான் மாநிலத்தில் முன்னின்றவர்; அங்குத் துணைப் படை ஆளுநராகவும் இருந்தவர். அவர் இப்பெண்ணை மணக்க விரும்பினார், பணம் கொடுத்து மீட்கவும் முன்வந்தார். பெண் மறுத்துவிட்டாள்! நாளை நமக்குள் பூசல் வந்தால், "நான் விலை கொடுத்து வாங்கியவள்தானே நீ" என்று சொல்ல நேரும் என்பது அவள் கருத்து. தானே தப்பி வருவதாகச் சொல்லி, மூன்று நிபந்தனைகளையும் வைத்தாள். இரண்டாந்தாரமாக வரமாட்டேன்; ஜப்பானுக்கு அழைத்துச் சென்று படிக்க வைக்க வேண்டும்; நாடு திரும்பிய பின் வெளி வேலைகளை நீங்கள் பாருங்கள், வீட்டை நான் ஆள்வேன். ஒருநாள் காவல்காரனை ஏதோ வாங்கிவர அனுப்பிவிட்டு, பட்டும் நகையும் அங்கேயே களைந்து வைத்துவிட்டு, எளிய உடையில் வெளியேறினாள். அவ்வில்லத்தின் பொருள் ஒன்றுகூடத் தன் மேல் இருக்கலாகாது என்ற எண்ணம். ஒரு கணக்கர் கணக்கை முடிப்பது போன்ற செயல் இது. வாழ்க்கையில் அவர் செய்த முதல் வணிக முடிவு இதுவே என்று நான் கருதுகிறேன்.

1914இல் திருமணம் நடந்தது. தோக்கியோவில் வீட்டுக்கு வந்து கற்பித்த ஆசிரியர்களிடம் பாடங்கள் பயின்றார். பின்னர்ச் சிச்சுவானில் மாமியார் வீட்டுப் பெருங்குடும்பம். நான்கு பெண்கள், ஓர் ஆண் எனக் குழந்தைகள் பிறந்தனர். பதவி போன பின் கணவர் அபினியிலும் சூதாட்டத்திலும் மூழ்கினார்; பெண்களுக்குக் கல்வி எதற்கு என்றும் கேட்கலானார். அம்மையாரோ செங்டு நகரில் பெண்கள் வேலை செய்யும் காலுறைத் தொழிற்சாலை ஒன்றைத் தொடங்கினார். ரிக்ஷாக்களை வாடகைக்கு விடும் நிறுவனம் ஒன்றையும் நடத்தினார். ரிக்ஷா இழுத்தவரின் மகள் அல்லவா!

1929இல் நான்கு பெண்களுடன் ஷாங்காய்க்கு வந்தவர் மீண்டும் கணவர் வீடு செல்லவில்லை. பெண்களுக்கு மணவிலக்கும் சொத்துரிமையும் வழங்கிய புதிய குடும்பச் சட்டம் 1931இல்தான் சீனத்தில் நடைமுறைக்கு வந்தது. இவரது மணவிலக்கு 1934இல் முடிவாயிற்று. அப்போதும் தமக்கென்று ஒரு காசும் கேட்கவில்லை. பெண்களின் படிப்புக்குப் பணம் அனுப்ப வேண்டும். தாம் இறந்துவிட்டால் அவர்களைப் பல்கலைக்கழகம் வரை படிக்க வைக்க வேண்டும். கேட்டவை இவ்வளவே.

இடைப்பட்ட ஆண்டுகளில் அடகுக் கடைப் படிகளில் அடிக்கடி ஏறி இறங்கினார். நூற்பாலைகளில் நூல் சுற்றும் குழல்களைச் செய்யும் ஆலை ஒன்றை 1930இல் நிறுவினார். முதல் திரட்ட மணிலா வரை சென்று, அங்கு வாழ்ந்த சீனரிடம் பங்கு சேர்த்தார். 1932 சனவரியில் ஜப்பானியப் படை ஷாங்காயைத் தாக்கியபோது அந்த ஆலை குண்டுகளுக்கு இரையாயிற்று.

அந்நாளில் ஷாங்காயில் பெண்கள் வணிகத்தில் இறங்காமல் இல்லை. பெண்களுக்கென்றே ஒரு வணிக சேமிப்பு வங்கி 1924இல் அங்குத் தோன்றியது. டொங் பிறந்த அதே 1900இல் பிறந்த ஜாங் யூயீ அம்மையார் பின்னர் அதன் துணைத் தலைவராகத் திறம்படப் பணியாற்றினார். ஆனால் அவருடைய அண்ணன் சீன வங்கியை நடத்தியவர். டொங் அம்மையாருக்கு அப்படி ஓர் அண்ணன் இல்லை.

அவருக்குக் கிடைத்தது ஒரு கடன். லீ சுங்காவ் என்ற சிச்சுவான்காரர் இவருடைய நேர்மையைக் கேள்வியுற்று, இரண்டாயிரம் யுவான் கொடுத்தார். முன்பு மீட்புப் பணத்தை மறுத்தவர் இதை ஏற்றுக்கொண்டார். தொழிலுக்கு வந்த பணத்தைத் திருப்பிக் கொடுக்கலாம். தம்மை மீட்க வந்த பணத்தை எப்படித் திருப்புவது? நண்பர் இவ்விடத்தைக் கவனிக்க வேண்டும்.

1935 மார்ச்சு 15ஆம் நாள் 'ஜின்ஜியாங்' உணவகம் திறக்கப்பட்டது. ஜின்ஜியாங் செங்டு நகர் வழியாக ஓடும் ஆறு. தாங் காலத்துப் பெண் கவிஞர் ஷுயே தாவ் அதன் கரையில் வாழ்ந்தவர். சிச்சுவான் சமையல் காரத்துக்குப் பேர் போனது. ஷாங்காய் மக்களோ இனிப்புச் சுவைக்குப் பழகியவர்கள். சமையலின் இயல்பு கெடாமல் காரத்தை மட்டும் குறைத்தார். (ஊரை விட்டு வந்து, விடுதிச் சாம்பாரில் வெல்லத்தைக் கண்டு திகைத்த நமக்கு இதன் அருமை புரியும்.) கூட்டம் நெரிந்தது. நகரையே நடுங்க வைத்த டூ யுவேஷெங் கூட அங்கே இடத்துக்குக் காத்திருக்க நேர்ந்தது என்பர். மறு ஆண்டே தேநீரகம் ஒன்றும் திறந்தார்.

1940இல் மணிலா சென்றவர் போரில் அங்கேயே சிக்கி, 1945இல்தான் திரும்பினார். ஆட்சி மாறிய பின், 1951இல் ஷாங்காயில் ஜின்ஜியாங் விடுதி தொடங்கப்பட்டது. தம் உணவகத்தையும் தேநீரகத்தையும் அதற்காக அரசிடம் ஒப்படைத்து, அதன் தலைவரானார். பண்பாட்டுப் புரட்சிக் காலத்தில் இவருக்குக் கிடைத்தது ஐந்தாண்டுச் சிறை. அமெரிக்க அதிபர் நிக்சன் வருகையின்போது, 1972இல், இரு நாடுகளின் ஷாங்காய் கூட்டறிக்கை வெளியானது அதே விடுதியில்.

தம் வரலாற்றைத் தாமே எழுதி 1997இல் நூலாக வெளியிட்டார். அவ்வாண்டு டிசம்பரில் மறைந்தார். அடகுச் சிறுமியாகத் தொடங்கியவர், ஈட்டிய அனைத்தையும் கொடுத்துவிட்டுச் சிறை சென்றதை வரவில் எழுதுவதா, செலவில் எழுதுவதா? எனக்கு விளங்கவில்லை. இதழ் வந்ததும் முதற்படியை அந்த வணிகவியல் நண்பரிடம் கொடுத்துக் கேட்கலாம் என்றிருக்கிறேன்.