கிளையில் மாறிய கோப்புகள்: வளைகுடா–தமிழகக் கூட்டுப்பணியில் ஒரு விளக்கம்

முன்னுரை

ஒரே மென்பொருட் குழுவினர் சென்னையிலும் தோஹாவிலும் இருந்து பணியாற்றுவது இன்று இயல்பு. எனினும் இரு ஊர்களின் வாரம் ஒன்றன்று. கத்தார், குவைத், சவூதி அரேபியா ஆகிய நாடுகளில் வெள்ளியும் சனியும் விடுமுறை. ஐக்கிய அரபு அமீரகம் 2022 சனவரியில் சனி, ஞாயிறுக்கு மாறியது. தோஹா ஓய்ந்திருக்கும் வெள்ளியன்று சென்னையில் முதன்மைக் கிளை வளர்கிறது. இந்நிலையில் ஒரு கிளையில் மாறிய கோப்புகளை ‘கிட்’ முறைமையில் பிழையின்றிப் பட்டியலிடும் வழியை இக்கட்டுரை விளக்குகிறது.

இருபுள்ளியும் முப்புள்ளியும்

2005இல் லினஸ் டோர்வால்ட்ஸ் உருவாக்கிய கிட்டில், ‘டிஃப்’ கட்டளையுடன் ‘நேம்-ஒன்லி’ என்பதைச் சேர்த்தால் மாறிய கோப்புகளின் பெயர்கள் மட்டும் கிடைக்கும். ‘நேம்-ஸ்டேட்டஸ்’ என்பது சேர்ப்பு, திருத்தம், நீக்கம் ஆகியவற்றின் குறியையும் தரும்.

வியாழனன்று பிரிந்த கிளையொன்றில் தோஹாவில் இருப்பவர் மூன்று கோப்புகளைத் திருத்தினார் என்று கொள்வோம். வெள்ளியன்று சென்னையில் முதன்மைக் கிளையில் வேறு ஐந்து கோப்புகள் திருத்தப்பட்டன. ஒன்று புதிதாகச் சேர்ந்தது. அம்மாற்றங்களைத் தம் கணினிக்குப் பெற்றபின், முதன்மைக் கிளையின் பெயரை முன்னும் தம் கிளையின் பெயரை பின்னும் நிறுத்தி, இடையே இருபுள்ளியிட்டு ஞாயிறன்று அவர் ஒப்பிட்டால், இரண்டின் இன்றைய நிலைகளும் ஒப்பிடப்பட்டு ஒன்பது பெயர்கள் வரும். சென்னையில் சேர்ந்த புதுக்கோப்பு ‘நீக்கப்பட்டது’ என்று காட்டப்படும். பட்டியலை மட்டும் நோக்குபவர், செய்யாத நீக்கத்திற்குத் தோஹாவில் இருப்பவரைப் பொறுப்பாக்கக்கூடும்.

முப்புள்ளியிட்டால், இரு கிளைகளுக்கும் பொதுவான இறுதிப் பதிவிலிருந்து அவர் கிளையின் நுனிவரை ஏற்பட்ட மாற்றங்களே கணக்கில் வரும். மூன்று பெயர்களே கிடைக்கும். இரு படிகள் பிரிந்த மூலத்தைக் கண்டு அதனோடு ஒப்பிடும் சுவடிப் பதிப்பாசிரியரின் முறையும் இத்தகையதே. இன்னும் பதிவு செய்யப்படாத திருத்தங்கள் இப்பட்டியலில் இடம்பெறா.

தமிழ்ப் பெயர்கள்

கோப்பின் பெயர் தமிழில் இருப்பின், கிட் இயல்பாக அதனை எண்குறிகளாக மாற்றிக் காட்டும். யுடிஎஃப்-8 குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியுருவும் மூன்று பைட்டுகள் கொண்டது. ‘அ’ என்பது 340, 256, 205 என்னும் எண்ம அடி எண்களாகத் தோன்றும். ‘கோர்.கோட்பாத்’ அமைப்பை ‘ஃபால்ஸ்’ என மாற்றினால் பெயர்கள் தமிழிலேயே தெரியும்.

முடிவுரை

முதன்மைக் கிளையின் அண்மை நிலையைப் பெறுதல், முப்புள்ளியால் ஒப்பிடுதல், பெயர்களைத் தமிழில் காணுதல் ஆகிய மூன்றும் அமைந்தால், விடுமுறை நாள் வேறுபட்டாலும் அவரவர் பணி அவரவர் பெயரிலேயே நிற்கும்.