கட்சி அரசியலும் ஒரு கொத்து அரிசியும்

மக்களாட்சி நிலவும் நாடுகளிலே அரசியற் கட்சிகள் இன்றியமையாதன. சிதறிக் கிடக்கும் மக்கள் கருத்தை ஒருமுகப்படுத்தி, ஆள்வோரைத் தெரிவதற்கும் நீக்குவதற்கும் அவை வழிசெய்கின்றன. ஆயின், வாக்கைப் பெறும்பொருட்டு அவை அளிக்கும் உறுதிமொழிகள் நாட்டின் பொருளாதாரத்தை எவ்வாறு பாதிக்கின்றன என்பதும் ஆராயற்பாலதே. இதனை விளக்க, இலங்கையின் பங்கீட்டு அரிசி வரலாற்றினும் சிறந்த சான்று வேறில்லை.

இரண்டாம் உலகப் போர்க் காலத்திலே தொடங்கிய அரிசிப் பங்கீடு சுதந்திரத்தின் பின்னரும் நீடித்தது. தேயிலை, இறப்பர், தெங்குப் பொருள்களை விற்றுப் பெற்ற அந்நியச் செலாவணி கொண்டே வெளிநாட்டரிசி வாங்கப்பட்டது. கொரியப் போரின்போது இறப்பர் விலை ஏறிற்று, திறைசேரியும் செழித்தது. 1952ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலின்போது ஒரு கொத்து அரிசி 25 சதத்துக்கே வழங்கப்பட்டது. ஐக்கிய தேசியக் கட்சி வென்றது. பின்னர் இறப்பர் விலை வீழ்ந்தமையால் மானியச் சுமை தாங்கொணாததாயிற்று. 1953 ஜூலையில் அரசாங்கம் அவ்விலையை 70 சதமாக உயர்த்தியது. ஆகஸ்ட் 12இல் இடதுசாரிக் கட்சிகளின் அழைப்பின்பேரில் ஹர்த்தால் மூண்டது; உயிர்கள் பலியாயின. ஒக்டோபரில் பிரதம மந்திரி டட்லி சேனநாயக்க பதவி துறந்தார்.

அரிசியிலே கைவைப்போர் ஆட்சியை இழப்பர் என்பதே கட்சிகள் இதனாற் கற்ற பாடம். 1962இல் பங்கீட்டைக் குறைக்க முயன்ற நிதி மந்திரி, சொந்தக் கட்சியினரின் எதிர்ப்பாலேயே அப்பதவியை விட்டார். 1966இல் இரண்டு கொத்து ஒன்றாகக் குறைக்கப்பட்டது. 1970இல் இரண்டாங் கொத்தை மீட்டுத் தருவதாகக் கூறிய ஐக்கிய முன்னணி பெருவெற்றி பெற்றது. எனினும், 1973இல் உலகச் சந்தையிலே தானிய விலை ஏறியபோது அவ்வரசாங்கமே பங்கீட்டைக் குறைக்க நேர்ந்தது. 1977இல் ஆட்சி மாறியபின், 1979இல் உணவு முத்திரை முறை அதன் இடத்தைப் பெற்றது.

கட்சிப் போட்டியால் விளைந்தது தீமை மட்டுமன்று. பங்கீட்டரிசியும் இலவசக் கல்வியும் இலவச மருத்துவமும் ஏழைகளை வாழ்வித்தன. எழுத்தறிவிலும் ஆயுள் நீட்சியிலும் வருவாய் மிக்க நாடுகளோடு ஒப்பிடத்தக்க நிலையை இலங்கை எய்தியதற்கு வாக்குரிமையும் ஒரு காரணமாகும். குறை எங்கேயெனின், கொடையைப் பறைசாற்றிய கட்சிகள் அதற்கான பொருள் வரும் வழியைக் கூறாமையே. கொடை உடனே கண்ணுக்குத் தெரியும். அதன் விலையோ கடனாகவும் பணவீக்கமாகவும் பின்னரே வந்து சேரும்.

கட்சிக்குக் கட்சி கொள்கை தலைகீழாவதும் கேடே. 1970ஆம் ஆண்டின் பின் இறக்குமதிக் கட்டுப்பாட்டால் யாழ்ப்பாணத்து மிளகாய், வெங்காயச் செய்கையாளர் செழித்தனர். 1977இன் பின் இறக்குமதி திறக்கப்பட, அவர்களுடைய விலை வீழ்ந்தது. தோட்டத்திலே கிணறு வெட்டி முதலிட்டவன், கொழும்பிலே ஆட்சி மாறும் நாளை எவ்வாறு கணிப்பான்?

அண்மைக்காலமும் இதையே காட்டுகின்றது. 2019 தேர்தலின்பின் பெறுமதி சேர் வரி 15 வீதத்திலிருந்து 8 வீதமாக்கப்பட்டது. அரசிறை சுருங்கியது, அதனோடு பெருந்தொற்றும் பழைய கடனும் சேர்ந்துகொண்டன. 2022 ஏப்ரல் 12இல் வெளிநாட்டுக் கடனை இப்போதைக்குத் திருப்பிச் செலுத்த இயலாதென நாடு அறிவித்தது. எரிபொருளுக்கும் எரிவாயுவுக்கும் மக்கள் நெடுவரிசையில் நின்றனர். 2024 ஜனவரியில் அதே வரி 18 வீதமாயிற்று. அன்று மகிழ்ந்து பெற்ற சலுகையை மக்களே பன்மடங்காய்த் திருப்பிச் செலுத்தினர்.

ஆதலின், எக்கட்சி மேடையேறினும் இரு வினாக்களை எழுப்புதல் கற்றோர் கடன்: இதற்குப் பணம் எங்கிருந்து வரும்? நல்ல ஆண்டு கழிந்தபின் இது நிலைக்குமா? இவ்வினாக்களை வாக்காளர் விடாது கேட்பரேல், கட்சிகளும் விடையோடு வரப் பழகும். இக்கல்லூரியிற் பயிலும் இளைஞர் நாளை வாக்காளராவர், சிலர் வேட்பாளருமாவர். இரு சாராரும் இதனை நெஞ்சிலிருத்துதல் நன்று.