செயலறு ஒளியிழை வலையமைப்பில் அலைநீளப் பங்கீடு

செயலறு ஒளியிழை வலையமைப்பு என்பது தொலைபேசி நிலையத்தை வீடுகளுடன் இணைக்கும், இடைவழியில் மின்சாரம் தேவைப்படாத வலையமைப்பு ஆகும். நிலையத்திலிருந்து வரும் ஓர் இழையின் ஒளியை, ஒளிப்பிரிப்பி பெரும்பாலும் 32 அல்லது 64 கிளைகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது.

ஒரே இழையில் இரு திசைகளிலும் தரவு செல்வதால், ஒவ்வொரு திசைக்கும் தனி அலைநீளம் ஒதுக்கப்படுகிறது. பன்னாட்டுத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் ஜிபான் சீர்தரத்தில் வீட்டை நோக்கி 1490 நானோமீட்டரும், நிலையத்தை நோக்கி 1310 நானோமீட்டரும் பயன்படுகின்றன. தொலைக்காட்சி ஒளிபரப்புக்கு 1550 நானோமீட்டர் விடப்பட்டுள்ளது.

மேம்படுத்தலும் வடிகட்டியும்

புதைக்கப்பட்ட இழையை மாற்றுவது பெருஞ்செலவாகும். ஆகவே, 2010 இல் வெளியான எக்ஸ்ஜி-பான் சீர்தரத்திற்கு வேறு அலைநீளங்கள் (வீட்டை நோக்கி 1577, நிலையத்தை நோக்கி 1270 நானோமீட்டர்) தேர்ந்தெடுக்கப்பட்டன. இதனால் பழைய கருவிகளும் புதியனவும் ஒரே இழையில் இயங்க இயலும்.

இதற்கு முன்னேற்பாடு தேவைப்பட்டது. ஜிபான் வீட்டுக் கருவியின் லேசர் முதலில் 1260 முதல் 1360 நானோமீட்டர் வரை எங்கும் ஒளிர அனுமதிக்கப்பட்டிருந்தது. 2007 இல் 1290–1330 என்னும் குறுகிய பட்டை வரையறுக்கப்பட்டு, 1270 நானோமீட்டருக்கு இடம் கிடைத்தது. மேலும், ஒளிப்பிரிப்பி எல்லா அலைநீளங்களையும் எல்லா வீடுகளுக்கும் அனுப்புகிறது. எனவே தனக்குரியதல்லாத ஒளியைத் தடுக்கும் வடிகட்டி ஒவ்வொரு கருவியிலும் இருத்தல் வேண்டும். அஃதில்லாத பழைய கருவியில், புதிய ஒளி இடையூறாகி இணைப்புத் துண்டிக்கப்படலாம்.