எழுதாத கைக்கூலியும் பெயர் மாறிய வீடும்

விவாகரத்தைப் பற்றி வியாபாரப் பக்கத்தில் ஏன் எழுத வேண்டும் என்று சிலர் கேட்கக்கூடும். நம்மவர்களின் பல கடைகளுக்கு முதல் எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பாருங்கள், காரணம் விளங்கும்.

என் தங்கச்சியின் நிக்காஹ் 1994இல் நடந்தது. மூன்று இலட்சம் ரூபா கைக்கூலியை வாப்பா என்னிடம் தந்தார், நான்தான் மாப்பிள்ளையிடம் எண்ணிக் கொடுத்தேன். மஹரை எழுதி முடித்த பதிவாளர், கைக்கூலி எவ்வளவு என்று கேட்டார். சபையில் சொல்ல எல்லோருக்கும் கூச்சம். "ஒன்றுமில்லை என்று போடுங்கோ" என்றேன். அந்தக் காசு மச்சானின் ஹாட்வெயார் கடைக்குள் போனது. பத்து வருடம் கழித்து இருவரும் காதியின் முன் நின்றபோது, நான் சொன்ன அந்த வார்த்தையே எங்கள் வாயை அடைத்தது.

கைக்கூலி கூடாது என்பவர்களோடு எனக்கு வாதம் இல்லை. ஆனால் கொடுத்துவிட்டால் அது யாருடையது? 1951ஆம் ஆண்டின் 13ஆம் இலக்க முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டப்படி, கைக்கூலி என்பது மணமகளின் உபயோகத்துக்காக மணமகனிடம் கொடுக்கப்படும் பணம் அல்லது அசையும் பொருள். கையில் வைத்திருப்பவர் அவர், உரித்து அவளுக்கு. காணியும் வீடும் இந்த வரைவிலக்கணத்துக்குள் வராது. அந்தப் பிணக்குகளுக்கு மாவட்ட நீதிமன்றம்தான் போக வேண்டும்.

எங்களைக் காப்பாற்றியது மச்சானின் வாப்பா. நேர்மையான மனிதர். 1994ஆம் வருடக் கணக்குப் புத்தகத்தைத் தூசி தட்டிக் கொண்டு வந்து வைத்தார். மகனின் கையெழுத்திலேயே "வீட்டுக் காசு 3,00,000" என்று இருந்தது. மூன்று இலட்சமும் திரும்பி வந்தது. ஆனால் மூன்று இலட்சம் மட்டுமே. அதற்குள் கடை மூன்று மாடியாகிவிட்டது, சீமெந்து விலை எங்கோ போய்விட்டது. காசு கடனாகப் போனதா, பங்காகப் போனதா என்று அன்றே ஒரு தாளில் எழுதியிருந்தால் கதை வேறு. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடைச் சட்டப்படி, ஆயிரம் ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமைக்கு ஒப்பமிட்ட எழுத்து வேண்டும். ஆயிரம் ரூபாவுக்கு இன்று என்ன வாங்கலாம்! ஆகவே எல்லாப் பங்குக்கும் எழுத்து வேண்டும் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஆண்கள் பக்கத்தையும் சொல்ல வேண்டும். கடன்காரருக்குப் பயந்து வீட்டை மனைவியின் பெயரில் எழுதியவர் பலர். பிரிவு வந்ததும் "நான் உழைத்தது" என்று அழுகிறார்கள். மீட்க முடியாதது என்று உறுதியிலேயே எழுதி நன்கொடையை ஒப்படைத்திருந்தால், நம் நாட்டில் பெரும்பாலானோர் பின்பற்றும் ஷாபிஈ மத்ஹபில், பெற்றோர் பிள்ளைக்குக் கொடுத்ததைத் தவிர மற்றதை மீட்க வழியில்லை. மூன்றாம் ஆளிடம் தான் காசு கட்டி மனைவியின் பெயரில் வாங்கியவருக்கு 1917ஆம் ஆண்டின் நம்பிக்கைப் பொறுப்புச் சட்டம் ஒரு கதவைத் திறந்து வைத்திருக்கிறது. காசு தன்னுடையது, அவளுக்குக் கொடுக்கும் எண்ணம் இருக்கவில்லை என்று அவர் நிரூபிக்க வேண்டும். வங்கிப் பற்றுச்சீட்டு இல்லாமல் அந்தக் கதவைத் தட்டிப் பயனில்லை. சீதன வீட்டுக்கு மேல்மாடி கட்டும் மருமக்களும் சீமெந்து, கம்பி பில்களைப் பத்திரப்படுத்துவது நல்லது.

பிரச்சினை முற்றிய பிறகு கடையைத் தம்பியின் பெயருக்கு மாற்றச் சொல்லி யோசனை சொல்பவர்கள் எல்லா ஊரிலும் உண்டு. நீதிமன்றம் அந்தத் திகதியைத்தான் முதலில் பார்க்கும். நீதிமன்றம் விட்டாலும், தம்பி திருப்பித் தருவாரா? தராத தம்பிமாரை நான் கண்டிருக்கிறேன்.

என் மூத்த மகளின் நிக்காஹ்வில் பதிவாளர் அதே கேள்வியைக் கேட்டார். கொடுத்த நகைகளைப் பவுண் கணக்கில், கடைப் பில்லோடு, சபை கேட்கச் சொன்னேன். மருமகனின் முகம் கொஞ்சம் சுருங்கியது. பிறகு பேனையை வாங்கி ஒப்பமிட்டார்.