பைகளுக்குக் காவல் யார்?



களு கங்கையையும் மா ஓயாவையும் பார்த்து வளரும் நம் சப்ரகமுவப் பிள்ளைகளுக்குக் கடல் என்றால் பேரதிசயம். இரத்தினபுரியிலிருந்தும் மாவனல்லையிலிருந்தும் வேன் பிடித்துத் திருகோணமலைக்குப் போகும் குடும்பங்கள் நிலாவெளிக்கு அப்பாலுள்ள புறாத்தீவையும் பார்க்காமல் திரும்புவதில்லை. கரையிலிருந்து படகில் சுமார் ஒரு கிலோமீற்றர். மாடப்புறாக்கள் தங்குவதால் அந்தப் பெயர். 2003இல் அது தேசியப் பூங்காவாக்கப்பட்டது.

அங்கே ஒரு காட்சியைக் காணலாம். வாப்பாவும் பிள்ளைகளும் தண்ணீரில். உம்மா மட்டும் பாறை நிழலில், பைகளுக்கும் செருப்புகளுக்கும் காவல். இரவெல்லாம் விழித்துச் சோற்றுப் பார்சல் கட்டியவரும் அவர்தான்!

இதை மார்க்கம் சொல்லியதா? ஒரு பயணத்தில் நபி (ஸல்) அவர்கள் உடன் வந்தோரை முன்னே போகச் சொல்லிவிட்டு, ஆயிஷா (ரலி) அவர்களுடன் ஓட்டப்பந்தயம் ஓடினார்கள். முதலில் ஆயிஷா நாயகி வென்றார்கள்; பிந்திய ஒரு பயணத்தில் நபியவர்கள் வென்றார்கள். பேணுதலும் மகிழ்ச்சியும் சேர்ந்தே இருந்தன. ஆகவே கணவன்மாரே, ஒரு மணி நேரம் நீங்கள் பைகளைப் பாருங்கள். சகோதரிகளே, கூட்டம் சேருமுன் காலையிலேயே போய்விடுங்கள். நனைந்தாலும் உடலோடு ஒட்டாத, தடித்த, கடும் நிற உடை உடுத்துங்கள். மாற்றுடையும் தேவை. படகில் வயதான பெரியும்மா முதல் கைக்குழந்தை வரை எல்லோருக்கும் உயிர்காப்பு அங்கி கேட்டு வாங்குங்கள், வெட்கப்பட வேண்டாம்.

தீவில் குடிதண்ணீர் போதாதே, வுழூ எப்படி என்று கேட்பீர்கள். கடலில் போவோர் இதே கேள்வியைத்தான் நபியவர்களிடம் கேட்டார்கள். கடல்நீர் சுத்தமானது என்பதே பதில். எனவே கடல்நீரிலேயே வுழூ செய்யலாம். நம் ஊரிலிருந்து அவ்வளவு தூரம் போகிறவர் லுஹரையும் அஸரையும் இரண்டிரண்டு ரக்அத்தாகச் சுருக்கி, சேர்த்துத் தொழலாம். அஸர் நேரத்துக்குப் பிற்படுத்துவதானால் லுஹர் நேரத்துக்குள்ளேயே நிய்யத் வைத்துவிட வேண்டும். இதை மறந்துவிடுகிறார்கள்.

முருகைக்கல் மீது பிள்ளைகளை ஏறி நிற்க விடாதீர்கள். அது கல்லல்ல, உயிருள்ள படைப்பு. மிதித்தால் உடைந்து சாகும். துடுப்பு நுனி கறுத்த சிறு சுறாக்களும் அங்குண்டு. மனிதரைக் கண்டால் அவைதான் பெரும்பாலும் விலகிப் போகும்.

மே முதல் செப்டெம்பர் வரை அந்தக் கடல் அமைதி. டிசம்பரில் வடகீழ்ப் பருவக்காற்று கொந்தளிக்க வைக்கும். அப்போது பேருவளைப் பக்கம் போகலாம்.